அலோன் வீடுகளில் தொலைக்காட்சிப் பதிவு: கருவித் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

யாங்கோன் நகரின் மேற்கு ஓரத்தில், தெற்கிலும் மேற்கிலும் ஆறு சூழ அமைந்த வட்டம் அலோன். இங்கு வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டிலேயே பதிவுசெய்து வைக்க விரும்பினால் எந்தக் கருவியை வாங்க வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. கடைக்காரரிடம் கேட்டால் படத்தின் தெளிவு, வட்டின் கொள்ளளவு, விலை என்ற வரிசையில் பதில் சொல்வார். அந்த வரிசை அலோனுக்குப் பொருந்தாது என்பது என் துணிபு. நிகழ்ச்சி எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது, பதிவு ஓடும்போது மின்சாரம் நின்றால் என்ன ஆகும், பதிவான கோப்பு வாங்கியவருக்குச் சொந்தமா அல்லது பெட்டிக்குச் சொந்தமா என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். இவற்றில் மூன்றாவதே தலையானது. பெரும்பாலானோர் கேட்காமல் விடுவதும் அதைத்தான்.

இதை ஒரு வீட்டுச் சாமான் வாங்கும் விவகாரமாக மட்டும் கருதிவிட முடியாது. 1962இல் இன்றைய மியன்மாவான பர்மாவில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் நாட்டுடைமையாயின. அதையடுத்து பர்மாவிலிருந்த இந்தியர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறினர். தங்கிவிட்ட தமிழர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பர்மிய மொழியே பயிற்றுமொழியானது. கோயில்களும் சங்கங்களும் நடத்தும் வகுப்புகளைத் தவிர்த்தால், பேச்சுத் தமிழ் ஒரு குழந்தையின் காதில் நாள்தோறும் விழும் இடம் வீடுதான். அந்த வீட்டில் ஒரு தமிழ்ப் படமோ பட்டிமன்றமோ சமையல் நிகழ்ச்சியோ திரும்பத் திரும்ப ஓடுவது எத்தனை பெரிய உதவி என்பது பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஒருமுறை ஒளிபரப்பாகி மறைந்துபோகும் நிகழ்ச்சியால் அந்த உதவி கிடைக்காது. வேண்டும்போது போட்டுக் காட்டக் கையில் பதிவு இருக்க வேண்டும்.

2. நாடாக் காலம் விட்டுச்சென்ற பாடம்

2.1 இரு நாடுகள், இரு முறைகள்

பர்மாவில் தொலைக்காட்சி 1980இல் தொடங்கியது. ஜப்பானிய உதவியோடு அமைந்ததால், ஜப்பானும் அமெரிக்காவும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறையை அது எடுத்துக்கொண்டது. இந்தியாவோ பால் முறையைக் கையாண்டது. முன்னதில் ஒரு படச் சட்டகத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்கள். பின்னதில் 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டகங்கள். சென்னையில் உறவினர் ஆசையோடு பதிவுசெய்து கொடுத்தனுப்பிய கேசட்டை ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், உள்ளூர் முறைக்கு மட்டுமே ஆன வீடியோ டெக்கில் போட்டால் படம் நிற்காமல் உருளும், அல்லது நிறமிழந்து தெரியும். அதனால் இங்குள்ள தமிழ் வீடுகளுக்கு டெக், தொலைக்காட்சிப் பெட்டி இரண்டுமே இரு முறைகளையும் ஏற்கும் ‘மல்டி சிஸ்டம்’ ஆக இருந்தால்தான் காரியம் நடந்தது.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் கவனித்ததில்லை. டி-120 என்று அச்சிட்ட விஎச்எஸ் கேசட்டில் சுமார் 247 மீட்டர் நாடா இருக்கும். என்டிஎஸ்சி டெக்கின் வழக்கமான வேகத்தில் அது நொடிக்கு 33 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக ஓடும். இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே கேசட் பால் டெக்கில் நொடிக்கு 23 மில்லிமீட்டர் அளவில்தான் ஓடும். மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவாகத் தாங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் சென்னை டெக்கில் ஒரே கேசட்டில் முழுதாக அடங்கியது. ரங்கூன் டெக்கில் அது ‘கிளைமாக்ஸ்’ வருமுன்பே நின்றுபோனது. வேகத்தைக் குறைத்துப் பதிவுசெய்தால் படம் அடங்கும், தெளிவு குறையும். ஆக, நிகழ்ச்சி எந்த நாட்டு முறையில் வருகிறது என்று பார்க்காமல் கருவி வாங்கியவர்கள் அன்றே சிரமப்பட்டார்கள்.

இங்கே சென்னையையும் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரைச் சாலையோரம், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகளே பர்மா பஜார். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி பரவியபோது, வெளிநாட்டு டெக்கும் கேசட்டும் தேடித் தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் மக்கள் அங்குதான் வந்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பதிவுக் கருவியைக் கொண்டுசேர்த்த கைகளில் ரங்கூன் தமிழரின் கைகளும் உண்டு. இதைத் தமிழ் ஊடக வரலாறு எழுதுவோர் இன்னும் அழுத்தமாகப் பதிவுசெய்ய வேண்டும்.

2.2 பூஞ்சை

யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரைதான். அந்த ஈரத்தில் கேசட் என்ன ஆகும் என்பதை நேரிலேயே பார்க்கலாம். அலமாரியிலிருந்து பழைய கேசட்டை எடுத்து, மேலேயுள்ள கண்ணாடிச் சாளரம் வழியாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருளின் மேல்முகம் சீரான கறுப்பாக இருந்தால் நல்லது. அதில் வெண்பொடி தூவியது போலத் திட்டுத்திட்டாகவோ, ஆரக்கால் போல மெல்லிய வெண்கோடுகளாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே டெக்கில் போட்டால் தலைப்பகுதியில் பொடி அப்பிக்கொள்ளும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும்.

பதிவு என்பது எழுதும்போதே முடிந்துவிடும் வேலையன்று. காலந்தோறும் அடுத்த பொருளுக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டியது. இந்தக் கட்டாயத்தை நாடாவே நமக்குக் கற்றுத் தந்தது. சோனி 1975இல் பீட்டாமேக்ஸையும், ஜேவிசி 1976இல் விஎச்எஸ்ஸையும் கொண்டுவந்தன. விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. நாற்பதே ஆண்டுகளில் ஒரு முறை பிறந்து, உலகமெங்கும் பரவி, முடிந்துபோனது.

3. நிகழ்ச்சி வீட்டுக்கு வரும் வழிகள்

3.1 தரைவழி ஒளிபரப்பு

மியன்மாவின் தரைவழி ஒளிபரப்பு இன்று டிவிபி-டி2 என்ற எண்ணிமுறைக்கு மாறிவிட்டது. கூரையிலோ பால்கனியிலோ சிறு ஆன்டெனாவும் ஒரு டி2 பெட்டியும் இருந்தால் அரசுத் தொலைக்காட்சியான எம்ஆர்டிவியின் இலவச அலைவரிசைகள் கிடைக்கும். பதிவுக்கு மிக எளிய வழி இதுவே. சிக்னல் பூட்டப்படாமல் வருகிறது. யுஎஸ்பி துளையும் பதிவு வசதியும் உள்ள மலிவான பெட்டிகூட அதை அப்படியே வட்டில் எழுதிவிடும். தமிழ் நிகழ்ச்சி இதில் வராது. ஆனாலும் பர்மியச் செய்தி, திருவிழா ஒளிபரப்பு, பிள்ளைகள் விரும்பும் கால்பந்து ஆகியவை அலோன் வீட்டுக்குத் தேவைதானே!

இந்தியாவிலிருந்து கேபிள் பெட்டியோ டிடிஎச் பெட்டியோ கொண்டுவந்து இந்த ஆன்டெனாவில் மாட்டினால் வேலை செய்யாது. வாங்குமுன் பெட்டியின் மேல் ‘டி2’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது இல்லாத பெட்டி எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

3.2 டிஷ்

சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாகத் தமிழ் அலைவரிசைகள் பெருகியபோது, கடல் கடந்த தமிழருக்கு டிஷ்தான் தமிழ்நாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று யாங்கோனில் அந்த வழியில் சட்டச் சிக்கல் உண்டு. 2021 மே மாதம் அரசுத் தொலைக்காட்சி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி இனிச் சட்டப்படி செல்லாது. மீறி டிஷ் வைத்திருப்போருக்கு ஓராண்டுவரை சிறையும் 5 லட்சம் கியாட் அபராதமும் விதிக்கப்படலாம் என்றது அந்த அறிவிப்பு. ஆகவே டிஷ்ஷை நம்பிப் பதிவுக் கருவி வாங்க நினைப்பவர், எந்தச் சேவைக்கு அனுமதி இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரு தொடருக்காகக் குடும்பத் தலைவர் சிறை செல்லும் அபாயத்தை எடுக்கக் கூடாது. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

அனுமதி பெற்ற கட்டணச் சேவையிலும் ஒரு தடை உண்டு. சிக்னல் மறையாக்கம் செய்யப்பட்டு வரும். பதிவும் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். சந்தா நின்றால் பதிவும் கைவிட்டுப் போகலாம்.

3.3 இணையம்

தமிழ்நாட்டுத் தொடர்கள் இன்று யாங்கோனுக்குப் பெரும்பாலும் இணையம் வழியே வருகின்றன. இங்கு ‘டவுன்லோடு’ என்ற பொத்தானைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. செயலிக்குள் இறக்கிவைத்த நிகழ்ச்சி அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும். சில நாள்களிலோ வாரங்களிலோ காலாவதியாகும். உரிமை முடிந்தால் மறைந்துவிடும். இரவல் வாங்கிய புத்தகத்தைச் சொந்த அலமாரியில் வைத்துப் பார்ப்பது போன்றது அது. தவிர, செயலிகளில் பல, பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தே திறக்கும். விபிஎன் போட்டுச் சமாளிக்கலாம் என்ற யோசனை 2024 மே இறுதிக்குப் பின் மியன்மாவில் எளிதன்று. அரசு அவற்றை முடக்கத் தொடங்கியது. 2025 ஜனவரி 1 அன்று பிறப்பித்த இணையப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியற்ற விபிஎன் சேவை தருவதைக் குற்றமாக்கியது.

3.4 உறவினர் வழி

கேசட் காலத்தில் நடந்ததே இன்று வட்டில் நடக்கிறது. தமிழ்நாட்டில் உறவினர் பதிவுசெய்கிறார். யாங்கோனுக்கு வருபவர் கொண்டுவருகிறார். இந்த வழியை நம்புவோர் அலோனில் வாங்கும் கருவியைவிட, ஊரிலுள்ள உறவினர் வைத்திருக்கும் கருவியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இந்தியாவில் 2008இல் அறிமுகமான டாடா ஸ்கை பிளஸ் போன்ற பெட்டிகள் அருமையாகப் பதிவுசெய்தன. ஆனால் அந்தப் பதிவை வெளியே எடுத்து இன்னொரு வீட்டில் போட வழியில்லை. ஊரிலுள்ளவரின் பெட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கோப்பை வெளியே தராவிட்டால் அலோனுக்குப் பயனில்லை.

4. மின்சாரம்

எரிவாயு மின்நிலையம் ஒன்று அலோன் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் யாங்கோனின் மற்ற வட்டங்களைப் போலவே இங்கும் அண்மை ஆண்டுகளில் மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது: சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இராது. பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதற்கு அடுத்த பெரிய காரணி இதுவே. விளம்பரத் தாளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

4.1 கோப்பு வகை

கருவி பதிவை எந்த வகைக் கோப்பாக எழுதுகிறது என்று கேளுங்கள். எம்பி4 கோப்பில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் பதிவு முடிந்த பிறகே எழுதப்படும். நடுவே மின்சாரம் போனால் அட்டவணை எழுதப்படாமல் நின்று, இரண்டு மணி நேரப் பதிவும் திறக்க முடியாத கோப்பாகக் கிடக்கும். டிஎஸ் வகையில் அந்தச் சிக்கல் இல்லை. ஒளிபரப்புக்கென்றே உருவான முறை என்பதால் சிறு சிறு பொட்டலங்களாகத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகும். எங்கே அறுந்தாலும் அதுவரை எழுதியது பெரும்பாலும் பிழைக்கும். அலோனுக்கு டிஎஸ்தான் சரி.

கடையிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரு பென்டிரைவைக் கொண்டுபோய்ப் பெட்டியில் செருகிப் பதிவைத் தொடங்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போகட்டும். ரிமோட்டைத் தொடாமல் பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி செருகியதும் இரண்டைக் கவனியுங்கள். பெட்டி தானாக விழித்துக்கொள்கிறதா, அல்லது சிவப்பு விளக்கோடு ரிமோட்டுக்காகக் காத்திருக்கிறதா? அந்த ஐந்து நிமிடப் பதிவு ஓடுகிறதா? தானாக விழிக்காத பெட்டியில் ஆளில்லாத நேரத்துக்கு டைமர் வைத்துப் பயனில்லை. இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

4.2 பேட்டரிக் கணக்கு

டி2 பெட்டிகள் பலவும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. இவை இன்வெர்ட்டர் இல்லாமல், தகுந்த கேபிளும் ஃபியூசும் போட்டு 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும். பெட்டியும் சிறு வட்டும் சேர்ந்து 15 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கும். ஈய-அமில பேட்டரி நீடித்து உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. 42 வாட்-மணிதான் கணக்கு. இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். ஒரு திரைப்படம் முழுதாகப் பதிவாகிவிடும். பதிவுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி எரிய வேண்டியதே இல்லை என்பதால் இந்தச் சிறு பேட்டரியே போதுகிறது. ஆன்டெனாவுக்கு பூஸ்டர் இருந்தால் அதையும் இதே பேட்டரியில் சேர்க்க மறக்கக் கூடாது; சிக்னல் இல்லாமல் பெட்டி மட்டும் விழித்திருந்து என்ன பயன்?

220 வோல்ட்டில் நேரடியாக ஓடும் பெட்டியை வாங்கினால் இன்வெர்ட்டர் தேவைப்படும். மாற்றத்திலேயே மின்சாரம் வீணாகும். மின்சாரம் திரும்பிவரும் கணத்தில் வோல்ட்டேஜ் எகிறி அடாப்டரைச் சுடுவதும் உண்டு. 12 வோல்ட் அடாப்டரை எந்தக் கடையிலும் வாங்கி மாற்றலாம். உள்ளேயே பவர் சப்ளை உள்ள பெட்டி என்றால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

4.3 கடிகாரம்

மியன்மா நேரம் இந்திய நேரத்துக்குச் சரியாக ஒரு மணி முந்தியது. சென்னையில் இரவு 9 மணித் தொடர் அலோனில் 10 மணிக்கு. டைமர் வைப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கிரீன்விச்சிலிருந்து கணக்கிட்டால் மியன்மா ஆறரை மணி, இந்தியா ஐந்தரை மணி. இரண்டிலும் அரை மணி வருகிறது. முழு மணிகளை மட்டுமே காட்டும் மலிவுப் பெட்டியில் எதை அமைத்தாலும் டைமர் அரை மணி தவறும். அமைப்புப் பட்டியலில் +6:30 இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

5. பூட்டும் சாவியும்

பல நிறுவனங்களின் ‘ஸ்மார்ட்’ தொலைக்காட்சிப் பெட்டிகளில் யுஎஸ்பி பதிவு வசதி இருக்கிறது. வட்டைச் செருகியதும் அதைத் தன் முறைக்கு ஃபார்மட் செய்துகொள்ளும் பெட்டிகளும், பதிவைத் தனக்கு மட்டும் புரியும்படி மறையாக்கம் செய்யும் பெட்டிகளும் அவற்றில் உண்டு. அந்தப் பெட்டி பழுதானால் ஐந்தாண்டுப் பதிவும் அத்தோடு போகும். வட்டு நல்ல நிலையில் கையில் இருக்கும், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. பூஞ்சை பிடித்த கேசட்டையாவது துடைத்து ஓரளவு மீட்கலாம். பூட்டிய பதிவின் சாவி அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே இருக்கிறது.

இதற்கும் கடைச் சோதனை உண்டு. முன் சொன்ன ஐந்து நிமிடப் பதிவோடு பென்டிரைவைப் பிடுங்கி, பக்கத்திலுள்ள மடிக்கணினியில் செருகி, விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். படமும் ஒலியும் வந்தால் அந்தக் கோப்பு உங்களுடையது. வராவிட்டால் அந்தக் கருவி பதிவுக்கு உதவாது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிவுசெய்வது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல், சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வேறு நாடுகளைக் கட்டுப்படுத்தாது. மியன்மாவில் 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது வேறு, படியெடுத்து விற்பது வேறு. இரண்டாவதற்கு இக்கட்டுரை துணைபோகாது.

6. சேமிப்பு

நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரணத் தெளிவு நிகழ்ச்சி மணிக்கு 0.9 ஜிபி இடம் பிடிக்கும். 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி 3.6 ஜிபி. சாதாரணத் தெளிவில் 1 டிபி வட்டில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் அடங்கும். ஒரு வீட்டுக்கு இது தாராளம்.

வட்டு ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது; நீண்ட பதிவு துண்டுகளாக உடையும் அல்லது நின்றுபோகும். என்டிஎஃப்எஸ் ஏற்கும் பெட்டி நல்லது. பென்டிரைவ் சோதனைக்கு மட்டும் போதும். தொடர்ந்து எழுதினால் விரைவில் தேயும். பெட்டியின் யுஎஸ்பி 2.0 துளை தரும் 500 மில்லியாம்பியர் பல சமயம் சுழலும் வட்டுக்குப் போதாது. வட்டு ‘டிக் டிக்’ என்று ஒலித்து நின்றால் தனி மின்சாரத்தோடு வரும் யுஎஸ்பி ஹப் வேண்டும். சுழலாத எஸ்எஸ்டி என்றால் இந்தத் தொல்லை குறைவு. எழுதும்போது மின்சாரம் போனாலும் தலை உரசும் பயமில்லை. ஆண்டுகணக்கில் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் வைக்க மட்டும் அது ஏற்றதன்று. வைத்துக்கொள்ள வேண்டிய பதிவை இன்னொரு வட்டிலும் படியெடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.

7. தீர்வு

தரைவழி நிகழ்ச்சிகளுக்கு: டிஎஸ் கோப்பாக எழுதும், 12 வோல்ட்டில் ஓடும், மின்சாரம் வந்ததும் தானாக விழிக்கும், +6:30 அமைப்புள்ள டி2 பெட்டி; அதோடு 500 ஜிபி எஸ்எஸ்டி, 7 ஆம்பியர்-மணி பேட்டரி. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அலோனில் தனிக் கருவி வாங்குவதைவிட, ஊரிலுள்ள உறவினருக்குப் பூட்டில்லாமல் பதிவுசெய்யும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஆண்டுக்கொருமுறை வட்டை வரவழைப்பதே சிறந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே பூட்டிவைக்கும் பதிவு வசதிக்காக ஒரு கியாட்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, யாங்கோன் தமிழ்ச் சங்கத்தாருக்கும் கோயில் நிர்வாகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வீடுகளில் இன்னும் கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றில் திருமணங்களும் தீமிதித் திருவிழாக்களும் இன்று இல்லாத பெரியவர்களின் பேச்சும் இருக்கின்றன. புதிய டெக் இனி வராது. ஓடும் நிலையிலுள்ள மல்டி சிஸ்டம் டெக் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்து, படத்தைக் கணினிக்கு மாற்றும் சிறு கருவியோடு பொது இடத்தில் வையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதைச் செய்யுங்கள்.